கார்ட்டர் அழும் இடம்

வணக்கம் சார்,

போன மாதம் ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, பழிவாங்கும் கதையை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன படம் வேறில்லை என்று 1971இல் வந்த ‘கெட் கார்ட்டர்’ என்ற பிரிட்டிஷ் படத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். லண்டனில் அடியாளாக இருக்கும் ஜாக் கார்ட்டர், கூடப்பிறந்தவன் ஃபிராங்க் செத்துப்போன செய்தி கேட்டு நியூகாஸிலுக்கு ரயிலேறுகிறான். குடித்துவிட்டு கார் ஓட்டிச் செத்தான் என்கிறார்கள். இவன் நம்பவில்லை. விசாரிக்கிறான், ஒவ்வொருவராகக் கொல்கிறான். கடைசியில் அவனும் சாகிறான்.

எனக்கு அவன் மேல் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. பெண்களை அவன் நடத்துகிற விதம் அருவருப்பாக இருந்தது. கார் டிக்கிக்குள் ஒருத்தி கிடக்கிறாள், கார் ஆற்றுக்குள் போகிறது, அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மைக்கேல் கெய்ன் நன்றாக நடித்திருக்கிறார், சரி. ஆனால் இப்படிப்பட்ட ஒருவனை எதற்காகக் கொண்டாட வேண்டும்? இதில் நேர்மை எங்கே இருக்கிறது?

அன்புடன்,
எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உங்களுக்கு வந்த அருவருப்பு நியாயமானது. அதை விட்டுவிடாமல் மனதில் வைத்துக்கொண்டே இரண்டு இடங்களை மட்டும் திரும்பப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, படத்தின் தொடக்கம். ரயில் கிளம்புவதற்கு முன்னால் வருவது. லண்டனில் ஒரு வசதியான வீடு, இரவு. கார்ட்டரின் முதலாளிகளும் கூட்டாளிகளும் உட்கார்ந்து சுவரில் ஆபாசப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கார்ட்டரும் அங்கேதான் இருக்கிறான். ‘நீ வடக்கே போகாதே, அங்கே நமக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள்’ என்று முதலாளி எச்சரிப்பதுதான் கதைக்குத் தேவையான விஷயம். நாம் அதைக் கவனிக்கிறோம், சுவரில் ஓடுகிறதைக் கவனிப்பதில்லை. அந்தப் படங்களில் இருக்கிற பெண்களைப் பற்றி அந்த அறையில் யாரும் யோசிக்கவில்லை. கார்ட்டரும் யோசிக்கவில்லை.

இரண்டாவது, நியூகாஸில் தாதாவின் காதலி கிளெண்டாவின் படுக்கையறை. அவள் குளித்துக்கொண்டிருக்கிறாள். இவன் படுக்கையில் சாய்ந்துகொண்டு, பக்கத்தில் இருக்கிற புரொஜெக்டரைப் பொழுதுபோகாமல் ஓடவிடுகிறான். கருப்பு வெள்ளையில், சத்தமில்லாமல், மட்டமாக எடுத்த ஒரு ஆபாசப் படம். கிளெண்டாவே அதில் வருகிறாள். இவன் முகத்தில் லேசான சிரிப்பு. அப்புறம் பள்ளிக்கூட உடையில் ஒரு பெண்ணை அழைத்து வருகிறார்கள். டோரீன். ஃபிராங்கின் மகள். ஒருவேளை கார்ட்டருக்கே பிறந்தவளாகவும் இருக்கலாம் என்று படம் கோடி காட்டுகிற பெண். கேமரா திரும்பத் திரும்பக் கெய்னின் முகத்துக்கு வருகிறது. சிரிப்பு இருந்த இடத்தில் முதலில் ஒன்றுமில்லாமல் போகிறது, பிறகு கண்ணில் நீர் வழிகிறது. படம் முழுவதிலும் அவன் அழுவது இந்த ஒரு இடத்தில்தான்.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் நேர்மை என்று சொன்னது எது என்று தெரியும். அந்தத் திரையில் வேறு யாருடைய மகளாவது இருந்திருந்தால் கார்ட்டர் சிரித்துக்கொண்டே பார்த்து முடித்திருப்பான். லண்டனில் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சோறு தின்கிற தொழிலின் இன்னொரு முனைதான் டோரீனைப் பிடித்து இழுத்திருக்கிறது. அழுத கையோடு அவன் செய்வது என்ன? குளியலறைக்குப் போய், கிளெண்டாவைத் தண்ணீருக்குள் அழுத்தி விஷயத்தைக் கறக்கிறான். அவளைத் தூக்கி டிக்கியில் போடுகிறான். நீங்கள் சொன்ன அந்த டிக்கி. காரைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. தெரிந்த ஒரே ஆள் இவன். பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுடைய கண்ணீருக்கு எல்லை எது என்று இயக்குநர் மைக் ஹாட்ஜஸ் வசனம் இல்லாமல் அங்கே காட்டிவிடுகிறார்.

முதல் தடவை பார்த்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கார்ட்டர் ஒவ்வொருவரையும் முடிக்கும்போது மனதுக்குள் கைதட்டினேன். லண்டன் காட்சி எனக்கு ஞாபகத்திலேயே இல்லை. பல வருடம் கழித்து இரண்டாவது முறை பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. கைதட்டிய கை என்னுடையதுதானே.

அந்த ஆபாசப் படத்தில் சம்பந்தப்பட்ட ஆல்பர்ட் ஸ்விஃப்ட் சாகிற இடத்தையும் சொல்ல வேண்டும். பந்தயக் கடைக்குப் பின்னால், அழுக்கான ஒரு முற்றத்தில் ஆல்பர்ட்டை மடக்குகிறான். ஆல்பர்ட் பயத்தில் எல்லாவற்றையும் கொட்டுகிறான். யார் யார் இருந்தார்கள், யார் ஊற்றிக் கொடுத்தது, எல்லாம். ‘நான் கொல்லவில்லை ஜாக்’ என்கிறான். ‘தெரியும், நீ கொல்லவில்லை’ என்று சொல்லிக்கொண்டே கார்ட்டர் கத்தியைச் செருகுகிறான். தெரியும் என்கிற வார்த்தையும் கத்தியும் ஒன்றாக வருகின்றன. வழக்கமான பழிவாங்கும் கதையில் உண்மையைக் கண்டுபிடிப்பது தீர்ப்புக்காக. இங்கே உண்மை தெரிந்துவிட்டது, ஆனாலும் கை நிற்கவில்லை. கொலை அவனுக்குத் தொழில். துக்கத்தையும் அவன் தொழிலாகவே செய்கிறான், வேறு வழி அவனுக்குத் தெரியாது.

இந்தக் கதை டெட் லூயிஸ் எழுதி 1970இல் வந்த நாவலிலிருந்து எடுத்தது. நாவலில் ஊர் வேறு. ஹாட்ஜஸ்தான் நியூகாஸிலைத் தேர்ந்தெடுத்தார். இளம் வயதில் கடற்படையில் கட்டாயச் சேவை செய்தபோது கிழக்குக் கரையின் மீன்பிடித் துறைமுகங்களையும் அங்கிருந்த வறுமையையும் நேரில் பார்த்தவர் அவர். ஆவணப் பட அனுபவம் உள்ள வுல்ஃப்காங் சுசிட்ஸ்கி ஒளிப்பதிவு செய்தார். பந்தயக் கடை, மதுக்கடை, வரிசை வீடுகளுக்குப் பின்னால் காயும் துணி எல்லாம் செட் போட்டது போல இல்லாததற்குக் காரணம் இதுதான்.

அந்த ஊரில் நிஜமாகவே இப்படி ஒரு விவகாரம் நடந்திருந்தது. 1967 ஜனவரியில் ஆங்கஸ் சிபெட் என்பவர் டரம் பகுதியில் ஒரு ஜாகுவார் காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். கிளப்களில் வைக்கிற சூதாட்ட இயந்திரங்களிலிருந்து பணம் வசூலிக்கிற தொழிலில் இருந்தவர். அந்தத் தொழிலை நடத்திய வின்ஸ் லாண்டாவுக்குச் சொந்தமாக இருந்த கிராமத்து மாளிகையில்தான் படத்தின் பெரிய தாதா கின்னியரின் வீட்டுக் காட்சிகளை எடுத்தார்கள். அதே வருடங்களில் நியூகாஸிலைப் பழைய வீடுகளை இடித்து கான்கிரீட்டில் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதை முன்னின்று நடத்திய நகராட்சித் தலைவர் டி. டான் ஸ்மித் 1974இல் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். கேட்ஸ்ஹெட்டில் அந்த பிரம்மாண்டமான கார் நிறுத்தக் கட்டடத்திலிருந்து கார்ட்டர் தொழிலதிபர் பிரம்பியைத் தூக்கி எறிகிறானே, அந்த இடம் நினைவிருக்கிறதா? உச்சியில் உணவகம் கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர்கள் இருவர் பதறுவது எதற்காக? தங்கள் கட்டணம் வராது என்று. ஒரு மனிதன் கீழே விழுந்து கிடக்கிறான். அந்த ஊர் அப்போது எப்படி இருந்தது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். அந்தக் கட்டடத்தையும் 2010இல் இடித்துவிட்டார்கள்.

பெண்களைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு பகுதியை மறுக்கமாட்டேன். கார்ட்டர் வாடகை வீட்டுக்காரி கேட்டுக்கொண்டிருக்கும்போதே முதலாளியின் காதலி ஆன்னாவிடம் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசுகிற காட்சி கதைக்கு வேண்டியதைவிட அதிக நேரம் ஓடுகிறது. அங்கே கேமரா கார்ட்டரின் கண்ணாகவே ஆகிவிடுகிறது. எந்தப் பார்வையைக் குற்றம் என்று படம் சொல்கிறதோ அதே பார்வையைப் படமும் கொஞ்ச நேரம் அனுபவிக்கிறது. இது குறைதான். ஃபிராங்கின் காதலி மார்கரெட்டுக்குப் போதை ஊசி போட்டுக் கொல்கிற இடம் அப்படி இல்லை. அங்கே பார்க்கிறவன் ரசிப்பதற்கு எதுவும் கிடைப்பதில்லை, புல்லும் இருட்டும் அவளுடைய பயமும்தான்.

கடைசிக் காட்சியைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அது டரம் கரையில் பிளாக்ஹால் என்ற இடம். சுரங்கத்தில் நிலக்கரி போக மிஞ்சுகிற கழிவை, தலைக்கு மேலே ஓடும் கம்பிவடத்தில் வரிசையாகத் தொங்கும் தொட்டிகளில் ஏற்றி, கரையைத் தாண்டி அப்படியே கடலில் கொட்டுவார்கள். மணல் கறுப்பு, அலையும் கறுப்பு. கார்ட்டர், கின்னியரின் கார் ஓட்டுநர் எரிக்கைத் துரத்திப் பிடித்து, ஃபிராங்கின் வாயில் விஸ்கியை ஊற்றினது போலவே அவன் வாயில் ஊற்றி, துப்பாக்கியாலேயே அடித்துக் கொல்கிறான். பிணத்தை ஒரு தொட்டியில் போடுகிறான். தொட்டி ஆடி ஆடி மேலே போகிறது, மற்ற தொட்டிகளோடு கடலுக்கு மேல் நகர்ந்து, கவிழ்கிறது. கரிக்கழிவோடு கழிவாக எரிக் விழுகிறான். கார்ட்டர் சிரிக்கிறான். துப்பாக்கியைக் கடலில் எறியப் போகிற நேரத்தில் தூரத்திலிருந்து ஒரே ஒரு குண்டு நெற்றியில் பாய்கிறது. இசை எழவில்லை, கடைசி வசனம் இல்லை. அலை வந்து வந்து போகிறது. அந்தச் சுரங்கம் 1981இல் மூடப்பட்டது, கரையையும் பிற்பாடு சுத்தம் செய்தார்கள்.

சுட்டவனின் கையை ஒரு கணம் காட்டுகிறார்கள். விரலில் ‘ஜே’ என்று எழுத்து பொறித்த மோதிரம். அதை மனதில் வைத்துக்கொண்டு படத்தைத் திரும்ப முதலிலிருந்து போடுங்கள். இசையமைப்பாளர் ராய் பட்டின் ஹார்ப்சிகார்டும் தபேலாவும் ரயில் ஓட்டத்தோடு சேர்ந்து கேட்கிற அந்தப் பயணத்தில், கார்ட்டர் சாவகாசமாகப் புத்தகம் படித்துக்கொண்டு போகிறான். அதே பெட்டியில், ஒரு மூலையில், இன்னொரு ஆளும் உட்கார்ந்திருக்கிறான். அவன் கையைப் பாருங்கள்.

அன்புடன்.