சமாதானம் இல்லாமல் புறப்படலாமா?

ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது, மூன்று மாதமாக ஜெபித்தும் மனதில் சமாதானம் இல்லை, தேவன்தான் நடத்துகிறார் என்று எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். 'சமாதானம் இல்லையென்றால் அது தேவசித்தம் இல்லை' என்று சபையில் ஒருவர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வேதத்தில் யோசுவா புத்தகத்தின் முதல் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள் தங்கச்சி. இஸ்ரவேலரை எகிப்திலிருந்து நடத்திவந்த மோசே இறந்துவிட்டார். மொத்த ஜனமும் யோசுவாவின் தோளில். கர்த்தர் அவரிடம் பலங்கொண்டு திடமனதாயிரு என்று ஒரே பேச்சில் மூன்று முறை சொல்கிறார். நடுக்கமே இல்லாதவரிடம் அதை மூன்று முறை சொல்வானேன்? யோசுவா பயந்திருக்க வேண்டும் என்றுதான் நான் வாசிக்கிறேன். அழைப்பு பொய்யாகிவிடவில்லையே!

மூன்றாம் அதிகாரம் இன்னும் நெருக்கமானது. செங்கடலில் இரவெல்லாம் காற்று வீசி, தரை காய்ந்த பிறகுதான் ஜனங்கள் இறங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு யோர்தான் ஆற்றில் அப்படி நடக்கவில்லை. அது அறுப்புக்காலம், ஆறு கரைபுரண்டு ஓடுகிறது. கர்த்தருடைய உடன்படிக்கைப் பெட்டியைச் சுமந்த ஆசாரியரின் கால்கள் ஓரத்துத் தண்ணீரில் பட்ட பிறகுதான் வெள்ளம் நின்றது. வனாந்தரத்தில் பெற்றோருக்கு வழிகாட்டிய மேகஸ்தம்பத்தைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. பெட்டி முன்னே போகும், இரண்டாயிரம் முழம் தள்ளிப் பின்னே வாருங்கள், இந்த வழியாய் நீங்கள் இதற்கு முன் நடந்ததில்லை என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்த கட்டளை. அப்பா அம்மாவை நடத்திய விதமாகவே நம்மையும் நடத்துவார் என்று எதிர்பார்த்துத்தான் நாம் பாதி நேரம் குழம்புகிறோம்.

2010 ஜனவரியில் வங்கி வேலைக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து பீகாருக்குப் புறப்பட்டேன். அப்பா இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தமிழ்நாட்டிலேயே இடம் கிடைக்க வேண்டும் என்று உபவாசம் இருந்தேன், கிடைக்கவில்லை. கண்ணை மூடி வேதத்தைத் திறந்து வசனம் தேடினேன். அதை யாருக்கும் சொல்லித்தர மாட்டேன். எங்கள் சபை ஐயர் (போதகர்) ஜெபித்து அனுப்பினார், அவ்வளவுதான். சமாதானம் ஒன்றும் வரவில்லை.

மூடுபனியில் ரயில் பதினோரு மணி நேரம் தாமதம். பாட்னாவில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. என்னிடம் ஒரு மெல்லிய சால்வைதான். காத்திருப்பு அறையில் தரையில் படுத்திருந்த ஒரு பாட்டி என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தன் ரஜாயின் (பஞ்சு அடைத்த போர்வை) ஒரு ஓரத்தைத் தூக்கிக் காட்டி, வந்து படு என்று கையசைத்தார். அவர் பேசியதில் 'பேட்டி' என்ற ஒரு சொல்தான் புரிந்தது. மகள் என்று அர்த்தம். கடுகெண்ணெய் வாசம் அடித்த அந்த ரஜாய்க்குள் விடியும்வரை தூங்கினேன். அப்பா போன பிறகு நான் அழாமல் தூங்கிய முதல் இரவு அது. அந்தப் பாட்டியைத் தேவன் அனுப்பினார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே கிடையாது. ஆனால் அந்தச் சமாதானம் பாளையங்கோட்டையில் கிடைக்கவில்லை, பாட்னாவில்தான் கிடைத்தது.

எல்லாம் நன்மையாக முடிந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அடுத்த வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று இன்றும் வலிக்கிறது. ஆண்டவரிடம் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்பதால் அவர் என்னைத் தள்ளிவிடவில்லை.

இன்னொன்று. விசுவாசம் என்ற பெயரில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். ஆற்றைக் கடக்குமுன் யோசுவாவே எரிகோ பட்டணத்துக்கு இரண்டு வேவுகாரரை அனுப்பினார். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். வேலையை நடுவில் விட்டால் பணம் கட்டவேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று ஒப்பந்தத்தை வரி வரியாக வாசியுங்கள். ஜெர்மன் மொழியை இங்கேயே எவ்வளவு முடியுமோ அவ்வளவு படித்துவிடுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இடறினால் நில்லுங்கள். எல்லாம் சரியாக இருந்து பயம் மட்டும்தான் மிச்சம் என்றால், என் தங்கையாக இருந்தால் போ என்றுதான் சொல்லுவேன்.

தேதி முடிவானதும் இங்கேயே எழுதுங்கள். அன்றைக்கு உங்கள் பயணத்துக்காக ஜெபிக்கிறேன். ஒரு நல்ல கம்பளியும் எடுத்துக்கொள்ளுங்கள்.