பரோட்டாக் கடைக்கு எந்த விசா?

கேள்வி: தென்காசியில் பரோட்டாக் கடை வைத்திருக்கிறேன். துபாயிலோ சிங்கப்பூரிலோ ஒரு கடை போட ஆசை. ஃப்ரீ ஸோன் லைசென்ஸ் எடுத்தால் செலவு குறைவு, விசாவும் கிடைத்துவிடும் என்கிறார் ஏஜென்ட். துபாயில் இருக்கும் மச்சான் பெயரில் கடையைத் தொடங்கி, நான் விசிட் விசாவில் போய்க் கல்லாவில் உட்காரலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: கல்லாவில் உட்கார்ந்தாலும் அது வேலைதான், விசிட் விசாவில் கூடாது. பிடிபட்டால் மச்சானும் மாட்டுவார். 2024-இல் திருத்திய அமீரகச் சட்டப்படி, பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தவருக்கு அபராதமே குறைந்தது 1 லட்சம் திர்ஹாம்.

சிங்கப்பூரை விட்டுவிடுங்கள். தொழில் தொடங்க வருவோருக்கான ‘ஆன்ட்ரபாஸ்’, காபிக் கடை, ஃபுட் கோர்ட் வகைத் தொழில்களுக்குக் கிடையாது. மிச்சம் துபாய்.

ஆனால் ஏஜென்ட் சொல்வது பாதிதான் உண்மை. ஃப்ரீ ஸோன் என்பது கம்பெனிகளுக்கென்று தனி விதிகளோடு ஒதுக்கிய பகுதி. அந்த லைசென்ஸில் விசா வரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு துபாயின் தேரா பகுதியில் தெருவோரம் கடை திறக்க முடியாது. உங்களுக்கு வேண்டியது ஃப்ரீ ஸோனுக்கு வெளியே, ஊருக்குள் தொழில் நடத்துவதற்கான மெயின்லேண்ட் லைசென்ஸ். 2021 ஜூனுக்குப் பிறகு பெரும்பாலான தொழில்களில் உள்ளூர்க்காரருக்கு 51 சதவீதப் பங்கை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

முதலில் கடைப் பெயர் பதிவு, முதற்கட்ட அனுமதி. பிறகு வாடகை ஒப்பந்தம், சமையலறை வரைபடத்துக்கு நகராட்சி ஒப்புதல், லைசென்ஸ். அதற்கப்புறம்தான் பார்ட்னர் விசா, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி. பலர் இடறுவது வாடகையில். வருட வாடகைக்கு முன்கூட்டியே செக் எழுதிக் கொடுத்துவிட்டு வரைபடத்தோடு போவார்கள். பரோட்டாக் கல்லின் புகையை மேலே கொண்டுபோக அந்தக் கட்டடத்தில் வழியே இருக்காது. கையெழுத்துக்கு முன் சமையலறை அமைப்பவரை அழைத்துப்போய் இடத்தைக் காட்டுங்கள். விசா கிடைத்தபின் தென்காசிக் கடையையும் வந்து பார்க்கலாம், ஆனால் தொடர்ந்து 6 மாதத்துக்கு மேல் இங்கே தங்கினால் விசா செல்லாமல் போகும்.

பணத்தை உண்டியலில் அனுப்பாதீர்கள். வங்கி வழியாக ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ‘குடும்பப் பராமரிப்பு’ என்று காரணம் போட்டு அனுப்பிவிட்டுப் பின்னால் அதைக் கம்பெனிப் பங்காகக் காட்டினால் ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தில் சிக்கல் வரும். வெளிநாட்டு முதலீட்டுக்கான எஃப்சி படிவத்தை வங்கியில் கொடுத்து, அந்த முதலீட்டுக்கான யுஐஎன் அடையாள எண் வாங்கிய பிறகே பங்குப் பணம் போகட்டும். ஆண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது வங்கியே முன்கூட்டி வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்தான். அதுவரை அந்தக் காசு முடங்கிக் கிடக்கும். முதல் போடும்போதே அதற்கும் சேர்த்து வையுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் தொழில் தொடங்க ஈ-2 விசா சுலபம் என்கிறார்களே?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஈ-2 என்பது ஒப்பந்த நாட்டு முதலீட்டாளருக்கான விசா. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குக் கிடையாது, அதற்கான ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இடையே இல்லை. இங்கே ஓடுகிற கம்பெனி இருந்து, கடந்த 3 வருடத்தில் 1 வருடமாவது அதில் நிர்வாகப் பொறுப்பில் இருந்திருந்தால் கம்பெனியின் அமெரிக்கக் கிளைக்கு நிர்வாகியை மாற்றி அனுப்பும் எல்-1ஏ விசாவைப் பார்க்கலாம். புதுக் கிளைக்கு முதலில் 1 வருடம்தான் தருவார்கள். நீட்டிக்கக் கேட்கும்போது சம்பளப் பட்டியலும் வரவுசெலவும் கேட்பார்கள்.