தட்டும் கடவுச்சொல் திரையில் தெரியாதிருக்க

கேள்வி: நான் கிளிநொச்சியில் உயர்தரம் பயிலும் மாணவன். இரணைமடுக் குளத்தின் கீழ்ப் பயிர்செய்யும் எங்கள் கமக்காரர் அமைப்பின் பசளைக் கணக்கைப் பதிவதற்குப் பைதன் மொழியில் ஒரு நிரல் எழுதியுள்ளேன். பசளை வாங்க வருவோர் கடவுச்சொல்லை எட்டிப் பார்த்துவிடுவதால், தட்டுவதைத் திரையில் காட்டாமல் வாங்கும் 'கெட்பாஸ்' கட்டளையைப் பயன்படுத்தினேன். விண்டோஸ் கணினியில், பைதனுடன் வரும் ஐடில் என்ற நிரலெழுதும் சாளரத்தில் இயக்கினால் ஓர் எச்சரிக்கை வந்து எழுத்துகள் அப்படியே தெரிகின்றன. கறுப்புத் திரையில் இயக்கினால் எதுவுமே தோன்றாததால், விசைப்பலகை பழுதாகிவிட்டது என்கிறார் பொருளாளர். நட்சத்திரக் குறிகளையாவது காட்ட முடியாதா?

பதில்: கறுப்புத் திரையில் நீங்கள் கண்டதே கெட்பாஸின் சரியான நடத்தை. விசையை அழுத்தியதும் எழுத்தைத் திரையில் காட்டுவது நம் நிரல்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் பயனரிடமிருந்து ஒரு வரியை வாங்கும் 'இன்புட்' கட்டளை காத்திருக்கும் வேளையில் எழுத்துகளை உடனுக்குடன் எதிரொலிப்பது முனையமே, அதாவது நீங்கள் சொல்லும் கறுப்புத் திரையே. என்டர் விசையை அழுத்திய பின்னரே முழு வரியும் நிரலின் கைக்கு வருகிறது என்பதால், அது வந்து சேரும் முன்னரே பின்னால் நிற்பவர் வாசித்து முடித்திருப்பார். லினக்ஸில் கெட்பாஸ் அந்த எதிரொலிப்பை நிறுத்துமாறு முனையத்தைக் கேட்டு, வாசித்து முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிடுகிறது. விண்டோஸில் எதிரொலிக்காத வேறொரு வழியில் ஒவ்வோர் எழுத்தாக வாங்கிக்கொள்கிறது. ஐடில் சாளரம் உண்மையான முனையம் அன்று என்பதால் அங்கே இந்த வழிகள் பயன்படுவதில்லை. எச்சரிக்கையும் அதைத்தான் சொல்கிறது.

நட்சத்திரக் குறிகளுக்கு வழி உண்டு. 2025 ஒக்டோபரில் வெளியான பைதன் 3.14 பதிப்பில், கெட்பாஸுக்கு எந்தக் குறியைக் காட்டவேண்டும் என்று சொல்லும் வசதி சேர்க்கப்பட்டுள்ளது. பழைய பதிப்பாயின் எழுத்தெழுத்தாக வாசிக்கும் வளையத்தை நீங்களே எழுதவேண்டும். அழிக்கும் விசையை அழுத்தும்போது ஒரு நட்சத்திரத்தையும் அதற்குரிய எழுத்தையும் சேர்த்து நீக்குவதில்தான் பெரும்பாலான மாணவர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

ஆயினும் நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். நட்சத்திரங்களை எண்ணினால் கடவுச்சொல்லின் நீளம் தெரிந்துவிடும். உங்கள் இடத்தில் எண்ணுவதற்கு ஆள்களும் நிற்கிறார்கள். நிர்வாகி உரிமையுடன் பிற கட்டளைகளை இயக்க உதவும் லினக்ஸின் 'சூடோ' கட்டளையில் நட்சத்திரம் காட்டும் பகுதியிலேயே கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று இருந்தது 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்; அழகுக்காகச் சேர்க்கும் நிரல் வரிகளுக்கும் விலை உண்டு. பொருளாளரின் ஐயத்தைத் தீர்க்கக் கெட்பாஸ் காட்டும் கேள்வி வரியையே மாற்றலாம்: "கடவுச்சொல்லைத் தட்டி என்டரை அழுத்தவும், தட்டுவது திரையில் தெரியாது."

பிற்காலத்தில் லினக்ஸுக்கு மாறி, நிரல் இடையில் வலிந்து நிறுத்தப்பட்டதால் முனையம் எதையுமே காட்டாமல் நின்றுவிட்டால், 'ரீசெட்' என்று தட்டி என்டரை அழுத்துங்கள். அந்தச் சொல்லும் திரையில் தெரியாது, ஆனால் வேலை செய்யும்.