ரிலே இயங்கும்போது ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது, டிரான்சிஸ்டரும் எரிந்துபோகிறது. எங்கே தவறு?

மேல்நிலைத் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த ஆர்டுயினோ ஊனோ (சிறு கட்டுப்பாட்டு போர்டு), பிசி 547 டிரான்சிஸ்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 5 வோல்ட் ரிலே (காயிலின் காந்தத்தால் இயங்கும் சுவிட்ச்) ஆகியவற்றைப் பிரெட்போர்டில் இணைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பட்டியலை இரண்டு முறை படித்தேன். அதில் மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு இல்லை. டிரான்சிஸ்டர் எரிவதற்கு அதுதான் காரணம்.

ரிலேயின் காயிலில் மின்னோட்டம் ஓடும்வரை அதைச் சுற்றிக் காந்தப்புலம் நிற்கிறது. டிரான்சிஸ்டர் சட்டென்று ஆஃப் ஆனதும் அந்தப் புலம் சரிகிறது; சரியும்போது மின்னோட்டத்தைத் தொடர்ந்து ஓடவைக்கப் பார்க்கிறது. ஓடுவதற்கு வழி இல்லாததால் மின்னழுத்தம் நூறு வோல்ட்டையும் தாண்டி எகிறிவிடும். பிசி 547 தாங்குவதோ 45 வோல்ட்.

கல்லூரி நாட்களில் ஒரே மாலையில் மூன்று டிரான்சிஸ்டர்களை இப்படி இழந்தேன். ஒவ்வொரு முறையும் சரக்குதான் மட்டம் என்று நினைத்துப் புதிதாக மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சீனியர், டெஸ்டருக்குள் இருக்கும் குட்டி நியான் விளக்கைக் கழற்றிக் காயிலின் இரு கால்களுக்கும் குறுக்கே வைத்தார். 9 வோல்ட் பேட்டரியை இணைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. வயரை எடுத்த கணத்தில் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று மின்னி அணைந்தது. அந்த விளக்கு எரிய அறுபது, எழுபது வோல்ட்டாவது வேண்டும். அந்த மின்னலைப் பார்த்த நாளிலிருந்து டயோடு இல்லாமல் நான் ரிலேயைத் தொட்டதில்லை.

1என்4007 டயோடு ஒன்று போதும்; காயிலின் மின்னோட்டம் ஓடித் தணிய அது வழி கொடுக்கும். காயிலின் இரு கால்களுக்கும் குறுக்கே, கால்களை ஒட்டியே வையுங்கள். வெள்ளைக் கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம் வர வேண்டும். திருப்பி வைத்தால் டிரான்சிஸ்டர் ஆன் ஆனதுமே டயோடு வழியாக ஷார்ட் ஆகிவிடும்.

ரீசெட் ஆவதற்கு மின்னழுத்தம் இப்படி எகிறுவதும் காரணமாக இருக்கலாம். ஆனால் பவர் சப்ளையையும் பாருங்கள். இவ்வகைச் சிறிய ரிலேயின் காயில் சுமார் 70 ஓம், அதாவது 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். பிரெட்போர்டின் தளர்ந்த துளைகளிலும் மெல்லிய வயர்களிலும் அது பாயும்போது 5 வோல்ட் ஒரு கணம் சரிகிறது. ரிலேக்குத் தனி 5 வோல்ட் அடாப்டர் கொடுத்துவிடுங்கள். இரண்டின் கிரவுண்டையும் மறக்காமல் சேருங்கள், இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் ஆன் ஆகாது. ரிலேயின் அருகே 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்றும் வைக்கலாம்.

பிசி 547இன் உச்ச வரம்பே 100 மில்லி ஆம்பியர்தான். 70 என்பது எனக்குச் சற்று நெருக்கமாகப் படுகிறது. 2என்2222 போட்டால் நிம்மதி. ஆனால் அதன் கால் வரிசை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை பேஸில் (டிரான்சிஸ்டரை ஆன் செய்யும் காலில்) பிடித்தால் மற்ற இரு கால்களிலும் 0.6, 0.7 போன்ற அளவு வரும். சற்றே அதிகமாகக் காட்டும் கால்தான் எமிட்டர்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரிலேயின் மேல் 10 ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதை நம்பி மோட்டாரை நேரடியாக இணைக்காதீர்கள். பம்பு மோட்டார் கிளம்பும்போது வழக்கமான மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். உள்ளே இருக்கும் காண்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டால், ஆர்டுயினோ நிறுத்தச் சொன்னாலும் மோட்டார் நிற்காது. ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலேயை) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். அந்த 230 வோல்ட் இணைப்பை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுங்கள். அது எக்காரணம் கொண்டும் பிரெட்போர்டுக்கு வரக்கூடாது.

முதலில் மோட்டார் பக்கம் எதையும் இணைக்காமல், ரிலேயை மட்டும் நூறு முறை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். அப்போதும் ரீசெட் ஆனால், அடாப்டரின் மேல் எழுதியிருக்கும் ஆம்பியர் அளவைக் கருத்தில் தெரிவியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.