வாட்டர் ஹீட்டர் சரிசெய்ய வந்தவர் சொன்ன வார்த்தை

கேள்வி: வாழ்க்கை இவ்வளவு சீக்கிரம் ஓடிவிடுகிறதே என்று உங்களை நினைக்கவைத்த பாடல் எது?

எனக்கு அது ஓர் அமெரிக்கக் கன்ட்ரி பாடல், அதாவது அந்நாட்டின் கிராமிய இசைப் பாணியில் அமைந்த பாடல். டிரேஸ் அட்கின்ஸ் பாடி 2008-இல் வெளிவந்த 'யூ ஆர் கோனா மிஸ் திஸ்'. 'இந்த நாட்களுக்காக ஒருநாள் ஏங்குவாய்' என்று பொருள் சொல்லலாம். ஆஷ்லி கோர்லியும் லீ தாமஸ் மில்லரும் எழுதியது. அப்போது நாங்கள் டெக்சாஸில் இருந்தோம். மகளுக்கு நான்கு வயது, மகன் தவழ்ந்துகொண்டிருந்தான். கார் ரேடியோவில் அடிக்கடி ஒலித்த பாடல் இது.

ஒரே பெண்ணின் வாழ்க்கையிலிருந்து மூன்று காட்சிகள். முதலில், எப்போது பதினெட்டு வயதாகும், எப்போது சொந்தமாகச் சம்பாதிப்போம் என்று காரில் முணுமுணுக்கும் மகளிடம், பள்ளி வாசலில் இறக்கிவிடும் அம்மா 'இந்த நாட்களுக்காக ஒருநாள் ஏங்குவாய்' என்கிறாள். அடுத்து அந்த மகள் புது மணப்பெண். ஒற்றைப் படுக்கையறை வீட்டைப் பார்க்க அப்பா வருகிறார். 'இப்போதைக்கு இது போதும்' என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வீடு, குழந்தைகள் என்று பேசிக்கொண்டே போக, அவர் தலையசைத்து நிதானிக்கச் சொல்கிறார்.

மூன்றாவது காட்சிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஐந்து ஆண்டுகள் கழித்து, பிளம்பர் வந்து வாட்டர் ஹீட்டரைப் பழுதுபார்க்கிறார். நாய் குரைக்கிறது, போன் அடிக்கிறது, ஒரு குழந்தை அழுகிறது, இன்னொன்று கத்துகிறது. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பரவாயில்லை, எனக்கும் இரண்டு குழந்தைகள் என்கிறார் அவர். ஒருவருக்கு 36, மற்றவருக்கு 23! தகப்பன் வாயில் அவர்கள் இன்னும் குழந்தைகள்தான். பிறகு அவரும் அம்மா, அப்பா சொன்ன அதே வரிகளைச் சொல்கிறார். காட்சிக்குக் காட்சி வருடங்கள் கடந்துபோகின்றன. பல்லவி மட்டும் அப்படியே நிற்கிறது. அட்கின்ஸின் அடிவயிற்றுக் குரல் அந்த இடத்தில் எதையும் மிகைப்படுத்துவதில்லை. அவரே ஐந்து பெண்களைப் பெற்றவர்.

இதே கருத்தில் கென்னி செஸ்னி 2007-இல் பாடிய 'டோன்ட் பிளிங்க்' பாடலும் பெரும் வெற்றி பெற்றது. அதில் 102 வயதுப் பெரியவர் தொலைக்காட்சிச் செய்தியில் தோன்றி, கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று எச்சரிக்கிறார். நல்ல பாடல்தான். ஆனால் நூறு வயதைக் கடந்தவர் சொல்லும் அறிவுரையைவிட, பழுதுபார்க்க வந்த இடத்தில், வீட்டின் இரைச்சலுக்கு நடுவே ஒரு மனிதர் சொல்லும் வார்த்தைதான் என்னைத் தைக்கிறது.

உண்மையைச் சொன்னால், 2008-இல் இந்தப் பாட்டு எனக்கு எரிச்சலூட்டியது. ஒரு நாள் மகள் கார் இருக்கையின் பெல்ட்டை 'நானே, நானே' என்று மாட்ட முயன்றுகொண்டிருந்தாள். பொறுமையில்லாமல் அவள் விரல்களை விலக்கிவிட்டு நானே அழுத்தி மாட்டினேன். அவள் அழ, அதைக் கேட்டுத் தம்பியும் அழ, ரேடியோவில் அந்த பிளம்பர். நிறுத்திவிட்டேன். தூக்கம் கெட்டுக் கிடப்பவளிடம் 'ஏங்குவாய்' என்று சொன்னால் எப்படி ஏறும்?

இப்போது இரண்டு பிள்ளைகளும் வெளியூரில். போன மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். அவளுடைய பெரிய பையன் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தான், சின்னது அவள் இடுப்பில் இருந்தபடி வீறிட்டது. மேசையில் அவள் தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. "மன்னித்துவிடுங்கள் அக்கா, எப்போதும் இதே சத்தம்தான்" என்றாள். பாட்டின் வரி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லவில்லை.

"எனக்கும் இரண்டு இருக்கிறதம்மா. பாப்பாவை என்னிடம் கொடு, நீ உட்கார்ந்து சாப்பிடு" என்றேன். அவள் சோற்றைச் சூடாக்கிச் சாப்பிட்டு முடிக்கும்வரை பாப்பா என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டிருந்தது.