ரோமிலிருந்து வெனிஸ் வரை: படிப்புப் பயணம் பற்றிக் கேட்டவையும் சொன்னவையும்

கட்டடக்கலை படிக்கிறேன். வகுப்பு நண்பர்களும் பேராசிரியருமாக ரோம், சியன்னா, ஃப்ளாரன்ஸ், பாதுவா, வெனிஸ் என்று சுற்றி வந்தோம். கட்டடம், ஓவியம், நுழைவுச்சீட்டு பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். விசாவும் விமானக் கட்டணமும் எனக்குச் சரிப்படாது. அவற்றுக்குத் தூதரகத் தளத்தையும் டிராவல் ஏஜெண்டையும் பாருங்கள்.

கேள்வி: கையில் ஏழு நாள். ரோம், ஃப்ளாரன்ஸ், பீசா, வெனிஸ், மிலான் ஐந்தையும் முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் செய்யாதீர்கள். ரோமுக்கும் ஃப்ளாரன்ஸுக்கும் மூன்று மூன்று நாள், மீதி ஒரு பகல் சியன்னாவுக்கு. எங்கள் பேராசிரியர் ஒரு காலைக்கு ஒரு கட்டடம்தான் என்று வைத்திருந்தார். முதல் அரை மணி நேரம் போட்டோ எடுக்கக் கூடாது, நோட்டில் வரைய வேண்டும். வரையத் தெரியாதவர்களுக்கும் இதே விதிதான். தூண் எத்தனை, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, சுவர் எங்கே தடிக்கிறது என்பதெல்லாம் கை ஓடும்போதுதான் கண்ணில் படும்.

அப்புறம், ஃப்ளாரன்ஸில் திங்கட்கிழமை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உஃபிஸி, அக்காதெமியா கலைக்கூடங்கள் இரண்டும் அன்று மூடியிருக்கும்.

கேள்வி: பாதுவாவில் இறங்குவது வீணா? வெனிஸ் அரை மணி நேரத்தில் வந்துவிடுமே.

ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயம் ஒன்றுக்காகவே இறங்கலாம். ஓவியர் ஜொத்தோ 1305 வாக்கில் உள்சுவர் முழுக்கத் தீட்டி முடித்தது. கட்டியவர் என்ரிகோ ஸ்க்ரோவேஞ்ஞி, வட்டித்தொழிலில் சேர்ந்த குடும்பப் பணத்தில் கட்டினார். அவருடைய தந்தையைக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தில், வட்டிக்காரர்கள் கூட்டத்தில் உட்கார வைத்திருக்கிறார். கடைசித் தீர்ப்பு ஓவியத்தில் என்ரிகோ மண்டியிட்டு இந்தக் கோயிலின் மாதிரியைக் காணிக்கையாகக் கொடுப்பதைப் பாருங்கள். யூதாஸ் முத்தமிடும் காட்சியைத் தவறவிடாதீர்கள். சுற்றிலும் ஈட்டிகளும் தீப்பந்தங்களும் குத்திட்டு நிற்கின்றன. நடுவில் யூதாஸின் மஞ்சள் அங்கி இயேசுவின் உடலை ஏறக்குறைய மூடிவிடுகிறது. முகத்துக்கு முகம், கண்ணுக்குக் கண். அந்தக் காலத்தில் மனித முகத்தை இப்படி எழுதியவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

ஈரப்பதம் ஓவியத்தைக் கெடுக்கும் என்பதால் முதலில் ஒரு கண்ணாடி அறையில் 15 நிமிடம் உட்கார வைப்பார்கள், பிறகு உள்ளே 15 நிமிடம். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

கேள்வி: ஃப்ளாரன்ஸ் சதுக்கத்தில் நிற்கும் மைக்கலாஞ்சலோவின் தாவீது சிலை அசல்தானே?

இல்லை. அசலை 1873-இல் அக்காதெமியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே நிற்பது 1910-இல் வைத்த நகல்.

கேள்வி: ரோமின் பழைய பாந்தியன் கோயிலைப் பார்த்து அப்படியே காப்பியடித்ததுதானே ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இல்லை. இரண்டுக்கும் அகலம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால் இப்படித் தோன்றுகிறது. பாந்தியன் 43.3 மீட்டர், ஃப்ளாரன்ஸ் சுமார் 45. கட்டிய விதம் முற்றிலும் வேறு.

பாந்தியன், பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் 126 வாக்கில் முடிந்த கான்கிரீட் குவிமாடம். கம்பி கிடையாது. அடியில் 6 மீட்டர் தடிமன், உச்சித் திறப்பின் விளிம்பில் ஒரு மீட்டர் சொச்சம். ஜல்லியையும் மாற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள்: கீழே கனமான கல், மேலே தண்ணீரில் மிதக்கும் அளவு லேசான எரிமலைக்கல். இதையெல்லாம், இறுகும்வரை தாங்கி நிற்கும் மரச் சென்ட்ரிங் அடித்து அதன்மேல்தான் போட்டார்கள்.

ஃப்ளாரன்ஸில் அது முடியாது. குவிமாடம் தொடங்கும் இடமே தரையிலிருந்து 50 மீட்டருக்கு மேலே. அவ்வளவு உயரத்துக்குச் சென்ட்ரிங் அடிக்க மரமும் இல்லை, நிற்க வைக்க வழியும் இல்லை. 1418-இல் போட்டி அறிவித்தபோது கட்டடக்கலைஞர் புரூனெல்லெஸ்கி, சென்ட்ரிங்கே இல்லாமல் செங்கல்லில் கட்டுகிறேன் என்றார். 1420-இல் தொடங்கி 1436-இல் முடித்தார். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என முட்டை ஓடு போல இரண்டு ஓடுகள், நடுவே இடைவெளி, 40 லட்சத்துக்கு மேல் செங்கல்.

இன்னொன்று. கூர்மையான எண்கோண வடிவம் புரூனெல்லெஸ்கி யோசித்ததே அல்ல. 1367-இல் ஃப்ளாரன்ஸ் நகர மக்கள் ஒரு மாதிரியை ஏற்று, இப்படித்தான் கட்ட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். அவர் பிறந்தது 1377-இல்.

கேள்வி: தேவாலயத்துக்குள் ஷார்ட்ஸ் போட்டுப் போகலாமா?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

கேள்வி: நானும் சிவில்தான். குவிமாடம் பற்றிச் சொன்னதை ஏற்க முடியவில்லை. வட்டமாக இருந்தால் ஒவ்வொரு வளையமும் தன்னைத்தானே தாங்கும், எண்கோணம் தாங்காது. மரம் இல்லாமல் கட்டினார் என்பது வழிகாட்டிகள் விடும் கதை.

முதல் பாதி மிகச் சரி. ஆனால் சுவரின் தடிமனைக் கணக்கில் எடுங்கள். எண்கோணச் சுவர் போதுமான அளவு தடித்திருந்தால் அதற்குள்ளேயே ஒரு முழு வட்ட வளையம் அடங்கும். பார்வைக்கு எண்கோணம், உள்ளே விசை போகும் பாதை வட்டம்.

இரண்டாவது, சாரம் வேறு, சென்ட்ரிங் வேறு. கொத்தனார்கள் நிற்கச் சுவரிலிருந்து நீட்டிய சாரம் இருந்தது. செங்கல்லைத் தாங்கத் தரையிலிருந்து எழுப்பிய சென்ட்ரிங் இல்லை. சுவர் உள்நோக்கிச் சாயச் சாய, புதிதாக வைத்த கல் சுண்ணாம்பு இறுகும் முன்பே வழுக்கி விழ வேண்டுமே? அதற்குத்தான் மீன்முள் கட்டு. படுக்கைக் கற்களுக்கு நடுவே குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு கல்லைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். அந்தச் செங்குத்துக் கற்கள் இடையில் உள்ளவற்றை வளையம் மூடும்வரை இறுக்கிப் பிடிக்கும். ஒரு வரி முடிந்தால் அது அடுத்த வரிக்குத் தளம்.

கேள்வி: ஃப்ளாரன்ஸில் திங்கட்கிழமை என்ன பார்க்கலாம்? உஃபிஸி போகலாம் என்றிருக்கிறேன்.

முதல் பதிலைப் படியுங்கள். மூடியிருக்கும்.

கேள்வி: மீண்டும் நான்தான், சிவில். மீன்முள் கட்டு சரி. ஆனால் அடியில் வெளிப்புறம் தள்ளும் விசையை யார் தாங்குகிறார்கள்? சங்கிலிகள்தானே?

நல்ல கேள்வி. இரும்புக் கொண்டி போட்டு இணைத்த கல் சங்கிலிகள் சுவருக்குள் ஓடுகின்றன, மரச் சங்கிலியும் ஒன்று உண்டு. அந்த மரச் சங்கிலிக்கு இவ்வளவு பெரிய எடையில் பெரிய பங்கு இருக்க முடியாது என்றே நினைக்கிறேன். கீழே உள்ள பாரமான சுவர்தான் பெரும்பகுதியைத் தாங்குகிறது. முழுக்கத் தாங்கவில்லை என்பதும் உண்மை. குவிமாடத்தில் உச்சியை நோக்கிப் போகும் விரிசல்கள் பல நூற்றாண்டுகளாக உண்டு, கருவிகள் வைத்துக் கவனித்து வருகிறார்கள். பாந்தியனிலும் இதே மாதிரி விரிசல் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன்.

கேள்வி: அப்படியானால் புரூனெல்லெஸ்கி ரோமுக்குப் போய் இடிபாடுகளை அளந்தது பொய்யா?

பொய் என்று சொல்லவில்லை. அவர் வாழ்க்கையை எழுதிய மனெட்டி அப்படித்தான் சொல்கிறார். இவ்வளவு அகலத்தை மனிதர்கள் ஏற்கெனவே மூடியிருக்கிறார்கள் என்பதை அங்கே கண்ணால் பார்த்திருப்பார். எப்படிக் கட்டுவது என்பதை ஃப்ளாரன்ஸில் அவரேதான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மேலே சுமை ஏற்ற மாடு சுற்றும் ஏற்றப்பொறி வரை அவரே வடிவமைத்தார். மாட்டைத் திருப்பாமலே ஏற்றவும் இறக்கவும் முடியும்.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். டஸ்கனியில் ரிபொல்லீத்தா என்று ரொட்டி, பயறு, கீரை போட்ட கெட்டி சூப் உண்டு. இறைச்சி சேர்த்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பார்மிஜானோ சீஸ் கன்றின் இரைப்பையில் எடுத்த ரென்னட் என்ற உறைபொருளில் செய்வது. சுத்த சைவம் என்றால் தூவ வேண்டாம் என்று முன்பே சொல்லுங்கள்.

கேள்வி: வீரமாமுனிவர் ஊருக்குப் போனீர்களா?

பாதையில் இல்லை. மாந்துவா மாகாணத்தில், கார்தா ஏரிக்குத் தெற்கே, காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. 1680-இல் அங்கே பிறந்தார்.

கேள்வி: சியன்னாவில் சதுக்கம் தவிர என்ன?

பேராலயத்துக்குப் பக்கத்தில் கூரையே இல்லாமல் நிற்கும் பெரிய சுவர். இருக்கிற கோயிலைக் குறுக்குப் பகுதியாக ஆக்கிவிடும் அளவுக்குப் பெரிய புதுக் கோயிலை 1339-இல் தொடங்கினார்கள். 1348-இல் கொள்ளைநோய் வந்தது. வேலை நின்றது, மறுபடி அந்த அளவில் எடுக்கவே இல்லை. சுவர்மேல் ஏறலாம். பிறகு நகர மண்டபத்தில் லொரென்சேத்தி எழுதிய நல்லாட்சி ஓவியம். உழுகிறவர், கடைக்காரர், கூரைமேல் வேலை பார்க்கும் கொத்தனார் என்று ஒரு நகரமே அதில் இருக்கிறது.

கேள்வி: திங்கட்கிழமை வத்திக்கான் அருங்காட்சியகமும் மூடலா?

அது திறந்திருக்கும். அங்கே விடுமுறை ஞாயிறு. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் விலக்கு. கிளம்பும் முன் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: கடைசியாகச் சிவில்காரன். ஃப்ளாரன்ஸ் குவிமாடத்துக்கு 463 படி ஏறத்தான் வேண்டுமா? கீழிருந்தே தெரிகிறதே.

நீங்கள் கட்டாயம் ஏறுங்கள். படிகள் இரண்டு ஓடுகளுக்கும் நடுவில்தான் போகின்றன. சுவர் உங்கள்மேல் சாய்ந்து வரும், செங்குத்துக் கற்கள் எங்கே நிற்கின்றன என்று பக்கத்திலேயே பார்க்கலாம். லிஃப்ட் கிடையாது, இதய நோயோ மூச்சுத்திணறலோ உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். நேரம் குறித்த சீட்டு, முன்பே எடுங்கள்.