எந்த யூனிக்ஸைக் கற்பது?

வணக்கம் சார். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு இரவு ஷிஃப்டில் சர்வர் மானிட்டரிங் வேலை பார்க்கிறேன். சிஸ்டம் அட்மின் ஆக வேண்டும். “லினக்ஸ் எல்லோருக்கும் தெரியும், ஏஐஎக்ஸ், சோலாரிஸ், ஹெச்பி-யூஎக்ஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளங்களைப் படி, போட்டி இருக்காது” என்கிறார் சீனியர். எதில் தொடங்கட்டும்?
ஆர்.

அன்புள்ள ஆர்.,

லினக்ஸில் தொடங்குங்கள். போட்டி இருக்காது என்பது உண்மைதான், ஆனால் புதியவருக்கு அங்கே வேலையும் குறைவு. ஹெச்பி-யூஎக்ஸுக்கான வழக்கமான ஆதரவு 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. அது ஓடிய ஐட்டேனியம் சிப்களை இன்டெல் 2021-லேயே நிறுத்திவிட்டது. சோலாரிஸ் 11.4 வந்தது 2018-இல். அதற்குப் பிறகு வருபவை அதற்கான திருத்தங்களும் சேர்க்கைகளும்தான்.

ஏஐஎக்ஸ் கதை வேறு. வங்கிகளில் இன்னும் ஓடுகிறது. ஆனால் அது ஐபிஎம்மின் பவர் இயந்திரங்களுக்கானது, லேப்டாப்பில் போட்டுப் பழக முடியாது. அந்த வேலை கைக்கு வந்தால் அங்கேயே கற்கலாம். அதன் நிர்வாக மெனுவான ஸ்மிட்டில் எஃப்6 அழுத்தினால், பின்னால் ஓடப்போகும் கட்டளையை அப்படியே காட்டும். இவ்வளவு நல்ல வாத்தியார் மற்ற சிஸ்டங்களில் கிடைப்பது அபூர்வம்.

லினக்ஸில் எது என்றால், ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் குடும்பம். டெவலப்பர் கணக்கு தொடங்கினால் 16 இயந்திரங்கள் வரை இலவசம். அதோடு ஒத்துப்போகும் இலவச லினக்ஸ்களான ராக்கி, ஆல்மா போட்டாலும் சரி. ஒன்றை எடுத்து ஆழமாகப் போங்கள். பூட் ஆகாத இயந்திரத்தை எழுப்புவது, நிறைந்த டிஸ்க்கை எல்விஎம்மில் (டிஸ்க் இடத்தைப் பிரித்துக் கூட்டும் வசதி) பெரிதாக்குவது, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்புக் காவலை அணைத்துவிடாமலேயே அனுமதிச் சிக்கலைத் தீர்ப்பது எல்லாம் பழக வேண்டும். வேண்டுமென்றே கெடுத்துச் சரிசெய்யுங்கள். ரெட் ஹேட்டின் சிஸ்டம் அட்மின் சான்றிதழான ஆர்ஹெச்சிஎஸ்ஏ தேர்வுக்கும் இதுதான் தயாரிப்பு. அது கொள்குறித் தேர்வு அல்ல. இயந்திரத்தில் செய்துகாட்ட வேண்டும், ரீபூட்டுக்குப் பிறகும் அது நிற்க வேண்டும்.

அப்புறம் ஃப்ரீபிஎஸ்டி என்ற இலவச யூனிக்ஸ் வகை சிஸ்டத்தையும் தொட்டுப்பாருங்கள். சம்பளத்துக்காகச் சொல்லவில்லை. நாம் யூனிக்ஸ் என்று நினைத்திருப்பதில் எவ்வளவு வெறும் லினக்ஸ் பழக்கம் என்பது இன்னொரு சிஸ்டத்தில் உட்கார்ந்தால்தான் தெரியும். லினக்ஸில் ‘கில்ஆல்’ நீங்கள் பெயர் சொன்ன புராசஸை (ஓடும் புரோகிராமை) மட்டும் கொல்லும். சோலாரிஸிலோ அது ஷட்டவுனுக்காக எழுதப்பட்ட கட்டளை, ஓடும் எல்லாவற்றையும் கொல்லும். புரொடக்‌ஷன் சர்வரில் முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக அதைத் தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். புதிய சிஸ்டத்தில் கட்டளை அடிக்கும் முன் அதன் கையேடான மேன் பக்கத்தைத் திறக்கும் பழக்கம் வந்துவிட்டால், ஏஐஎக்ஸ் உங்களுக்குச் சில வாரப் பாடம்தான்.

இரவு ஷிஃப்டை வீணாக்காதீர்கள். அலர்ட் வந்ததும் டிக்கெட்டை மேலே தள்ளும் முன் லாக்கைப் படித்து, காரணம் இதுவாக இருக்கும் என்று ஒரு வரி எழுதிவையுங்கள். டிக்கெட் மூடிய பிறகு அடுத்த நிலை ஆதரவுக் குழுவான எல்2 எழுதிய காரணத்தோடு ஒப்பிடுங்கள். அந்த நோட்டு நேர்முகத் தேர்வில் உங்களுக்காகப் பேசும்.